கடையில் கிடைக்கும் ஆம்பர் ஏல்: சுவைப்பதும் எடைபோடுவதும்

அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பியர் வரிசைக்குப் போனால் ஆம்பர் ஏல் கண்ணில் படக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் வெளிறிய லாகர்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும். இன்னொரு பக்கம் முழுக்க ஐ.பி.ஏ. என்கிற கசப்பு மிகுந்த ஏல். நடுவில் எங்கேயோ செம்பழுப்பு நிறத்தில் ஓரிரண்டு வகை ஒதுங்கி நிற்கும். பியரைச் சுவைக்கப் பழக நினைப்பவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஐ.பி.ஏ.யில் ஹாப்ஸ், அதாவது கசப்பும் வாசனையும் தருகிற ஒரு கொடியின் பூ, போடும் சத்தத்தில் மற்ற எதுவும் காதில் விழாது. வெளிறிய லாகரில் புதியவர் பிடித்துக்கொள்ள அதிகம் எதுவும் இருக்காது. ஆம்பர் ஏலில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹாப்ஸ், நொதிக்க வைக்கும் ஈஸ்ட் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, கொஞ்சம் பழகிய நாக்கு கண்டுபிடித்துவிடும்.

இங்கே பேசப்போவது பெரிய அளவில் காய்ச்சிப் பல மாநிலங்களில் விற்கும் ஆம்பர் ஏல்களைப் பற்றி மட்டும். விவரம் தெரிந்தவர்கள் சிலர் இவற்றைச் ‘சும்மா குடிக்கிற பியர்’ என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ருசியை ஆண்டு முழுக்க, ஒவ்வொரு பாட்டிலிலும் கொண்டுவருவது சின்ன வேலையா என்ன? அந்த ருசி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், வந்ததா வரவில்லையா என்று நாமே சொல்லலாம். வாங்கப் போகும்போது அடையாள அட்டை கையில் இருக்கட்டும்; 21 வயது ஆகாதவர்களுக்கு அங்கே மது விற்கக் கூடாது.

முதலில், இது என்ன பியர்?

ஏல், லாகர் என்ற பிரிவு ஈஸ்ட்டை வைத்து வந்தது. ஏல் ஈஸ்ட் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நொதிக்கும். லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். ஏலில் அதனால் லேசான பழ வாசனை ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெரிய ப்ரூவரிகள் அதையும் கூடுமானவரை அடக்கியே வைத்திருக்கும்.

ஆம்பரின் நிறத்துக்கும் அடையாளத்துக்கும் காரணம் கிரிஸ்டல் மால்ட். சாதாரண மால்ட் என்றால் பார்லியை முளைகட்டி உலர்த்துவதோடு சரி. கிரிஸ்டல் மால்ட்டை உலர்த்துவதற்கு முன், ஈரம் போகாமல் 65 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வைத்திருப்பார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். அப்புறம் வறுக்கும்போது அந்தச் சர்க்கரை உள்ளே இருந்தபடியே பாகாகி, ஆறியதும் இறுகிப் போகும். அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. நொதித்து முடிந்த பிறகும் கேரமல் ருசியும் வாயில் கொஞ்சம் கனமும் தங்குவது இதனால்தான். எவ்வளவு தூரம் வறுத்தார்கள் என்பதை லோவிபாண்ட் என்ற அளவில் சொல்வார்கள். 40 என்றால் இளங்கேரமல். 60, 80 என்று ஏற ஏறப் பாகு கருக்கும். 120-க்குப் போனால் உலர்திராட்சையும் கருகிய சர்க்கரையும் வரும்.

இந்தப் பாணி வளர்ந்தது அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், 1980-களில் சிறு ப்ரூவரிகள் முளைத்த காலத்தில். கலிஃபோர்னியாவில் ஹாப்லாண்ட் என்ற சிற்றூரில் 1983-இல் தொடங்கிய மெண்டொசினோ ப்ரூவரியின் ரெட் டெயில் ஏல் முன்னோடிகளில் ஒன்று. இதில் இந்தியக் கதை ஒன்றும் உண்டு: 1997-இல் அந்த ப்ரூவரி விஜய் மல்லையாவின் யு.பி. குழுமத்தின் கைக்குப் போனது. அமெரிக்கச் சந்தைக்கான கிங்ஃபிஷரையும் அவர்களே காய்ச்சினார்கள். 2018-இல் ப்ரூவரி மூடப்பட்டது. அலாஸ்காவின் ஜூனோ நகரில் 1986-இல் மார்சி, ஜெஃப் லார்சன் தம்பதி தொடங்கிய ப்ரூவரியின் அலாஸ்கன் ஆம்பர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பக்கத்து ஊரான டக்ளஸில் நூறு ஆண்டுகளுக்கு முன் இயங்கிய ஒரு ப்ரூவரியின் செய்முறையைத் தழுவியது அது.

இந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனது ஃபேட் டயர். கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் 1991-இல் தொடங்கிய நியூ பெல்ஜியம் ப்ரூவரியின் முதல் பியர்களில் ஒன்று. நிறுவனர்களில் ஒருவரான ஜெஃப் லெபெஷ் பெல்ஜியத்தில் சைக்கிளில் சுற்றி வந்ததன் நினைவாக வைத்த பெயர். ஆனால் ஒரு எச்சரிக்கை: 2023 தொடக்கத்தில் அதன் செய்முறையை மாற்றிவிட்டார்கள். அப்படி மாற்றி வந்தது ஆம்பர் இல்லை, நிறம் வெளுத்த பொன்னிற ஏல். பழைய நினைவில் வாங்கிவிட்டு ‘கேரமலே இல்லையே’ என்று தேட வேண்டாம்.

எந்த அளவுகோல்?

பியர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிற பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பு 1985-இலிருந்து இயங்குகிறது. ஒவ்வொரு வகைப் பியரும் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஆம்பர் ஏலுக்கு ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு 25 முதல் 40 ஐ.பி.யு. (கசப்பின் அலகு); நிறம் 10 முதல் 17 எஸ்.ஆர்.எம். (நிறத்தின் அலகு). நிற எண் 2, 3 என்றால் வெளிறிய வைக்கோல் நிறம், 40 என்றால் கறுப்பு. 10 முதல் 17 என்பது செம்பு நிறத்திலிருந்து சிவப்போடிய பழுப்பு வரை.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் கிட்டத்தட்ட சமமாக நிற்க வேண்டும். மால்ட் ஒரு சுற்று முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான்.

அலாஸ்கன் ஆம்பரின் கசப்பு 18 ஐ.பி.யு.தான். அளவுகோலின் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. அப்படியானால் மோசமான பியரா? இல்லை. அது ஜெர்மனியின் ஆல்ட் பாணியைத் தழுவி, ஏல் ஈஸ்ட்டையே வழக்கத்தைவிடக் குளிரில் மெதுவாக நொதிக்கவிட்டுச் செய்வது. பெயரில் ஆம்பர் இருப்பதாலேயே அமெரிக்க ஆம்பர் ஏலின் கோலை எடுத்து அதன் தலையில் வைத்தால் தீர்ப்பு தப்பாகத்தான் வரும். மிச்சிகன் மாநிலத்தின் பெல்ஸ் ஆம்பர் 5.8 சதவீதம் ஆல்கஹாலோடு அளவுகோலுக்குள் சரியாக உட்காரும். பழக அது வசதி. ஓரகனின் ஃபுல் செயில் ஆம்பர், கலிஃபோர்னியாவின் பூன்ட் ஆம்பர் கிடைத்தாலும் சரி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கில்லியன்ஸ் ஐரிஷ் ரெட் ஒரு லாகர். டோஸ் எக்கிஸ் ஆம்பர் வியன்னா பாணி லாகர். யிங்லிங் ட்ரெடிஷனலும் லாகர்தான். மூன்றும் ஆம்பர் ஏலின் நிறத்தில் இருக்கும். ஏலில் தேடுகிற பழ வாசனையை இவற்றில் தேடினால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

பாட்டிலை வாங்கும்போது

பாதித் தீர்ப்பு கடையிலேயே எழுதப்பட்டுவிடும். ப்ரூவரியிலிருந்து நன்றாகக் கிளம்பிய பியர் லாரியிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் கெட்டுப் போகலாம். அதை ப்ரூவரியின் குறையாக எழுதுவது நியாயமில்லை. அதனால் முதலில் தேதி.

இரண்டு விதமாக அச்சிடுவார்கள். ஒன்று பாட்டிலில் நிரப்பிய தேதி, மற்றது இதற்குள் குடியுங்கள் என்கிற கெடு. எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். 04/07 என்றால் ஏப்ரல் 7, ஜூலை 4 இல்லை. சிலர் ஆண்டின் நாளை மூன்று இலக்கமாக மட்டும் அச்சிடுவார்கள். 135 என்றால் மே 15. நிரப்பி மூன்று மாதத்துக்குள் இருக்கும் பாட்டில் பழகுவதற்கு நல்லது. ஆறு மாதம் தாண்டியதை, அதுவும் குளிரில்லாத அலமாரியில் நின்றதை, எடைபோடுவதற்காக வாங்காதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெயிலோ டியூப் லைட் வெளிச்சமோ பட்டால் அது உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் உருவாகும். அதன் வீச்சத்தை ஸ்கங்க் என்கிற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும், பச்சையும் வெள்ளையும் காக்காது, கேனுக்குள் வெளிச்சம் புகவே வழியில்லை. கேன் என்றால் மட்டம் என்கிற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். எடைபோடுவதற்குக் கேனே மேல்.

ஆறு பாட்டில் கொண்ட பெட்டியாகவே வாங்குங்கள். ஒன்றை மட்டும் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மீதியை என்ன செய்வது என்பதற்கும் கடைசியில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

குளிர், கண்ணாடிக் குவளை, வாய்

பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்த பியர் நன்றாக இருக்கும் என்று விளம்பரங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. வெளிறிய லாகருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே மறைக்க நிறைய இருக்கிறது. ஆம்பர் ஏலை 3, 4 டிகிரியில் குடித்தால் கேரமல் வாசனை மேலே எழும்பாது, கசப்பும் இறங்கும்போது உறைக்கும் குளிரும் மட்டும் தெரியும். 7 முதல் 10 டிகிரி சரி. ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வையுங்கள். ஃப்ரீசரில் வைத்த குவளை வேண்டவே வேண்டாம். பியர் பட்டதும் அதன் சுவரில் பனி கட்டி, நுரையும் வாசனையும் சேர்ந்தே போய்விடும்.

குவளை வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகியதாக இருந்தால் வாசனை தங்கும். ஒயின் குவளையே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் சுத்தம் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் நுரை உட்கார்ந்துவிடும். வெறும் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் குவளை சுத்தம். துளித்துளியாகப் பிரிந்து நின்றால் இன்னும் கழுவ வேண்டும். துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள்.

அப்புறம் நம் வாய். காரமான சாப்பாடு சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் வாயுவும் கிளறிவிடும். அந்த நேரத்தில் எந்தப் பியரும் கசப்பாகத்தான் தெரியும். பியரோடு மிக்சர், கடலை, சிக்கன் 65 எல்லாம் நம்மவர் பழக்கம்தான், அதில் தப்பில்லை, ஆனால் எடைபோடும்போது ஒதுக்கி வையுங்கள். உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். பல் துலக்கிய கையோடு, காபி குடித்த கையோடு, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு உட்கார வேண்டாம். சமையலறையில் தாளிக்கிற நேரமும் வேண்டாம்.

ஊற்றும்போது குவளையைச் சாய்த்து, ஊற்ற வேண்டியதில் பாதியை ஊற்றி, பிறகு நிமிர்த்தி மீதியை நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு நுரை நிற்க வேண்டும். நுரையைக் கண்டு பயப்படாதீர்கள். வாசனையை மேலே கொண்டுவருவது அதுதான். முழுக் குவளை வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும்.

மூக்கு முதலில், கண் பிறகு

வழக்கமாக எல்லாரும் நிறத்திலிருந்து தொடங்குவார்கள். நான் மூக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஊற்றியதும் கிளம்புகிற வாசனைகளில் சில ஒரு நிமிடத்தில் போய்விடும்; நிறம் எங்கேயும் ஓடாது.

குவளையை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாக மோந்து பாருங்கள். ஆழமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப் போகும். முதலில் மனதில் வருவதை அப்படியே எழுதுங்கள், சரியா தப்பா என்று யோசிக்காதீர்கள். மரத்துப் போனதாகத் தோன்றினால் சொந்தச் சட்டைக் கையை மோந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். நடுவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆம்பர் ஏலில் என்ன வர வேண்டும்? பாகு பொன்னிறம் தாண்டும் கட்டத்தில் எழுகிற வாசனை. வறுத்த ரொட்டியின் ஓரம். சிலவற்றில் பொட்டுக்கடலையின் சாயல். ஹாப்ஸ் பக்கம், அமெரிக்க வகைகள் என்றால் சாத்துக்குடித் தோல், கிரேப்ஃப்ரூட், கொஞ்சம் பைன் பிசின். இந்த வாசனைகளுக்குப் பெரும்பாலும் காரணம் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம். ஓரகனில் அரசு ஆராய்ச்சித் திட்டத்தில் உருவாகி 1972-இல் வெளியிடப்பட்டது. பரவலாக விற்கும் ஆம்பர் ஏலில் இந்த ஹாப்ஸ் வாசனை தூரத்தில்தான் இருக்கும். இல்லாமலேயே போனாலும் பெரிய குறையில்லை. மால்ட் வாசனை இல்லை என்றால்தான் குறை.

நிறத்தை வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவோ, மிக லேசாகக் கலங்கியோ இருக்கலாம். நுரை வெளிர் சந்தன நிறத்தில் இருந்து, இறங்கும்போது குவளைச் சுவரில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு போனால் நல்லது. மதிப்பெண்ணில் இதற்கு 50-க்கு 3தான், ஆகவே இங்கே நேரம் செலவழிக்காதீர்கள். ஒன்றை மட்டும் நினைவில் குறித்துக்கொள்ளுங்கள்: கருக வறுத்த மால்ட்டைக் கொஞ்சம் சேர்த்தால் கேரமல் ருசியே இல்லாமல் இதே நிறத்தைக் கொண்டுவந்துவிடலாம். கண் சொல்வதை நாக்கு ஒப்புக்கொள்கிறதா என்று அடுத்த படியில் பார்க்கப் போகிறோம்.

வாயில்

ஒரு மடக்கு எடுத்து வாய் முழுக்கச் சுழற்றுங்கள். விழுங்குங்கள். விழுங்கிய உடனே வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மூச்சில்தான் வரும். ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பியரில் கடைசியில் தங்கும் கசப்பும் தீர்ப்பில் சேர்த்தி என்பதால் விழுங்குவதுதான் வழக்கம். மடக்குகள் சிறிதாக இருக்கட்டும்.

முதல் மடக்கில் எதையும் எழுத வேண்டாம், அது வாயைத் தயார் செய்ய. இரண்டாவது மடக்கில் வரிசையைக் கவனியுங்கள்: முன்னால் என்ன வந்தது, நடுவில் என்ன, விழுங்கிய பிறகு என்ன மிச்சம். நல்ல ஆம்பர் ஏலில் இனிப்பு முதலில் வரும், நடுவில் வறுத்த ரொட்டி ருசி விரியும், கசப்பு பின்னால் வந்து இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும். துடைப்பது என்றுதான் சொல்கிறேன், அடிப்பது இல்லை. விழுங்கி அரை நிமிடம் கழித்து உதட்டில் பிசுபிசுப்பு மிச்சமிருந்தால் இனிப்பு வென்றுவிட்டது. கசப்பு மட்டும் தனியாகத் தொண்டையில் நின்றால் மால்ட் போதவில்லை.

கடைகளில் விற்கும் ஆம்பர் ஏல்களில் நான் அடிக்கடி காண்பது இரண்டு குறைகள். ஒன்று திகட்டல். முதல் இரண்டு மடக்கு பிரமாதம், பாதிக் குவளையில் சலித்துவிடும். கிரிஸ்டல் மால்ட்டை அள்ளிப் போட்டுவிட்டு ஹாப்ஸில் கஞ்சத்தனம் செய்தால் இப்படி ஆகும். இன்னொன்று நீர்த்துப் போனது. நிறம் வாக்குக் கொடுக்கும், வாய்க்குள் எதுவும் வராது. மேலே சொன்ன நிறச் சோதனை இதற்காகத்தான். திகட்டலை ஒரு மடக்கில் கண்டுபிடிக்க முடியாது என்பதால் தீர்ப்பை, ஊற்றியதில் பாதியைக் குடிக்கும் வரை தள்ளிப் போடுங்கள்.

வாயில் கனம் நடுத்தரமாக இருக்க வேண்டும். வாயுவும் அப்படித்தான். நாக்கைச் சுரண்டுகிற துவர்ப்பு, அதிக நேரம் கொதித்த டீயில் வருமே அது, இருந்தால் மால்ட்டின் உமியிலிருந்து இறங்கியிருக்கும். நொய்யாக அரைத்தாலோ, அரைத்த மால்ட்டை அதிகச் சூட்டில் அலசினாலோ வரும். பெரிய ப்ரூவரிகளில் இது அரிது.

இப்போது பியர் சூடேறட்டும். பத்து நிமிடம் விட்டு அதே குவளையை மறுபடி மோந்து, ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். குளிரில் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். நல்ல ஆம்பர் 12, 13 டிகிரியில் இன்னும் நன்றாக இருக்கும். சில பியர்கள் அந்தச் சூட்டில் குடிக்கவே முடியாமல் போகும். அவற்றை ஏன் அவ்வளவு குளிரில் குடிக்கச் சொல்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

குறைகளை அடையாளம் காண்பது

வெண்ணெய் வாசனை, தியேட்டர் பாப்கார்னில் வருவது. பெயர் டைஅசிட்டில். நொதிக்கும்போது உருவாகி, பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஈஸ்ட்டை நீக்கினால் தங்கிவிடும். ஆம்பரில் இது கேரமலோடு சேர்ந்து பட்டர்ஸ்காட்ச் மிட்டாயாகத் தெரியும், புதியவர்கள் நன்றாக இருக்கிறது என்றே எழுதுவார்கள். நாக்கில் எண்ணெய் வழுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுதான்.

பச்சை ஆப்பிள் தோல் வாசனை என்றால் அசிட்டால்டிஹைடு. முழுக்க முதிராத பியர். ஸ்கங்க் நாற்றம் வெளிச்சம் பட்டது. வினிகர்ப் புளிப்பு பாக்டீரியா. குழாயில் ஊற்றித் தரும் பியரில் அது வந்தால், பெரும்பாலும் அந்தக் கடையின் குழாயைக் கழுவவில்லை என்று பொருள், ப்ரூவரியைத் திட்டாதீர்கள்.

இவற்றைவிட அதிகம் சந்திக்கப் போவது பழசானதன் ருசி. பாடம் சொல்பவர்கள் நனைந்த அட்டைப் பெட்டி வாசனையைத் தேடச் சொல்வார்கள். வெளிறிய லாகரில் அது பளிச்சென்று தெரியும். ஆம்பரில் அவ்வளவு நேராக வராது. முதலில் ஹாப்ஸ் வாசனை மங்கும். கசப்பு குறையும். அதே நேரத்தில் டாஃபி, தேன், உலர்திராட்சை ருசிகள் கூடிக்கொண்டே போகும். ஆக, பழைய ஆம்பர் புதிய ஆம்பரைவிட அதிகக் கேரமலாக, ‘செறிவாக’ இருப்பதாக ஏமாற்றும். ஷெர்ரி ஒயின் சாயல் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். இந்த இடத்தில் மூக்கை மட்டும் நம்பாமல் தேதியைத் திரும்பப் பாருங்கள். தேதி பழசு, இனிப்பு கூடுதல், ஹாப்ஸ் காணோம் என்றால் எழுத வேண்டியது ‘மால்ட் பிரமாதம்’ என்று இல்லை, ‘வேறு பாட்டில் வேண்டும்’ என்று.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. தாளில் மொத்தம் 50: வாசனை 12, தோற்றம் 3, ருசி 20, வாயுணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. கூட்டி வந்தது 45 அல்லது அதற்கு மேல் என்றால் உச்சம். 38 முதல் 44 சிறப்பு. 30 முதல் 37 மிக நன்று. 21 முதல் 29 நன்று. 14 முதல் 20 சுமார். அதற்கும் கீழே கோளாறு.

எடுத்துக்காட்டாக, கேரமல் வாசனை தெளிவு ஆனால் ஹாப்ஸ் அறவே இல்லை: 7. தோற்றத்தில் குறையில்லை: 3. ருசி சமநிலையில் தொடங்கிக் கடைசியில் கொஞ்சம் இனிப்பு தங்குகிறது: 13. வாய்க்குள் சற்று லேசு: 3. மொத்தத்தில் இன்னொரு குவளை குடிக்கலாம்: 6. கூட்டினால் 32, மிக நன்று. பரவலாக விற்கும் நேர்மையான ஒரு ஆம்பர் ஏல் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் 40-க்கு மேல் போடத் தோன்றினால் கையைக் கட்டுப்படுத்துங்கள். 20-க்குக் கீழே போட்டால், எந்தக் குறை என்று பெயர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது குறை இல்லை, உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் தாளின் ஓரத்தில் இன்னொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: மறுபடி காசு கொடுத்து வாங்குவேனா? இதற்கும் மதிப்பெண்ணுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. 36 போட்ட பியரை வாங்காமலும் 28 போட்டதை வாரா வாரம் வாங்கியும் இருக்கலாம். இரண்டையும் ஒரே எண்ணில் அமுக்க முயல்வதுதான் புதியவர்களைக் குழப்புகிறது.

லேபிளை மறைத்து ஒரு சோதனை

பெயர் தெரிந்து குடித்தால் நாக்கு பெயரைத்தான் சுவைக்கும். இதற்கு முக்கோணச் சோதனை நல்ல மருந்து. ஆளைத் தவிர வேறு செலவில்லை. ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு பியர்களை, சொல்லப்போனால் ஒரு ஆம்பர் ஏலையும் ஒரு ஆம்பர் லாகரையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது தெரியாத மூன்று தம்ளர்களில் நண்பர் ஊற்றட்டும்: இரண்டு தம்ளரில் ஒரே பியர், மூன்றாவதில் மற்றது. எதில் எது என்று அவருக்கு மட்டும் தெரியும். தனித்து நிற்பது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். ஆகவே ஒரு முறை ஜெயித்ததைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாமல், தம்ளர்களின் வரிசையை மாற்றிச் சில முறை செய்து பாருங்கள். நடுவில் தண்ணீர். ஊற்றுவது ஒரு மடக்கு அளவு போதும். சோதனை முடிந்த பிறகு யாரும் வண்டி ஓட்ட வேண்டாம்.

பெட்டியில் மீதியிருக்கும் பாட்டில்களை இப்படிப் பயன்படுத்துங்கள். இரண்டை ஃப்ரிஜ்ஜின் உள்பக்கம் வையுங்கள். ஒன்றை அலமாரியில், இருட்டில், வீட்டுச் சூட்டில் வையுங்கள். இன்னொன்றை ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். பழுப்புப் பாட்டில் என்பதால் கொஞ்ச நாள் பிடிக்கும். ஒரு மாதம் கழித்து நான்கையும் ஒரே நாளில் குளிர வைத்து, ஃப்ரிஜ்ஜில் இருந்த ஒன்றை முதலில் திறந்து, அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு மடக்கு ஒரு மடக்காகப் பாருங்கள். வெயில் பட்டது திறந்ததுமே மூக்கில் தெரியும். அலமாரியில் இருந்ததில் ஹாப்ஸ் எவ்வளவு போயிருக்கிறது, டாஃபி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள். வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், ஃப்ரிஜ்ஜின் இரண்டாவது பாட்டிலையும் அலமாரிப் பாட்டிலையும் வைத்து முக்கோணச் சோதனையை நண்பரிடம் கேளுங்கள்.